முயல் சொன்ன சாட்சி

இயக்குநரின் அறையில் முயலின் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தது. படத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு சின்ன பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் இயக்குநரின் தந்தையார் மாலையும் இல்லாமல் பல்பும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தார்.

"நெருங்கின சொந்தமா சார்?" என்றான் மஸ்தான்வலி, முயலைப் பார்த்துக் கைகூப்பியபடி.

துப்பறிவாளர் ஜோகாராவ் தன் உதவியாளனின் காலை மேஜைக்கடியில் மிதித்தார். அதனால் பயன் இருந்ததே இல்லை. பழக்கம், அவ்வளவுதான்.

டாக்டர் சோமயாஜுலு சிரிக்கவில்லை. ஹைதராபாத்தின் பெரிய நரம்பியல் ஆய்வு நிலையம் ஒன்றுக்கு இயக்குநர் அவர். அவருக்குப் பதிலாகச் சிரிக்க அங்கே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள்.

"சின்னாரி," என்றார், படத்தைப் பார்த்து. "அவ இல்லேன்னா இந்தக் கட்டடம் இல்லை. அடுத்த மாசம் டெல்லியில எனக்குக் கொடுக்கப்போற விருதும் இல்லை. ஜோகாராவ் காரு, உங்களுக்கு டோபமைன் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன். எனக்கு வந்ததில்லை."

"மூளையில ஒரு நரம்பு அதைத் துப்பும். வேலை முடிஞ்சதும் மிச்சத்தைத் திரும்ப அள்ளிட்டுப் போக ஒரு புரதம் இருக்கு. டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர்."

"பந்தி முடிஞ்சதும் இலை எடுக்கறவங்க மாதிரி," என்றான் மஸ்தான்.

"அந்தப் புரதம் கண்ணுக்குத் தெரியாது. காட்டிக்கொடுக்க ஆள் வேணும். அதுல ஒரு துண்டை ஆய்வகத்துல செஞ்சு சின்னாரிக்கு ஊசி போட்டேன். அவ ரத்தத்துல ஆன்டிபாடி உண்டாச்சு. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிச்சு ஒட்டிக்கும். எலி மூளைச் சாறுல எத்தனையோ ஆயிரம் புரதம் இருக்கட்டும், நேரா அது மேல போய் உட்காரும். படத்துல ஒரே ஒரு கறுப்புப் பட்டை விழும்."

"போலீஸ் நாய் மாதிரி."

"முயல்," என்றார் இயக்குநர். ஒப்புமைகளை அவர் மேடையில் மட்டுமே அனுமதிப்பார்.

பிறகு வழக்கைச் சொன்னார். அந்தப் புரதம் பிறவியிலேயே இல்லாத சுண்டெலிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள். சாதாரண எலியில் பட்டை விழும், இந்த எலியில் விழாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விருது மேடையில் ஒரு படம் காட்ட வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. வேலையை ஹைமவதி என்கிற ஆராய்ச்சி மாணவியிடம் கொடுத்தார். அவள் இரண்டு எலியிலும் பட்டை விழுகிறது என்று வந்து நின்றாள்.

"அப்படின்னா?" என்றார் ஜோகாராவ்.

"அப்படின்னா குழாயை மாத்திட்டா. இல்லாத எலின்னு ஒட்டிட்டு சாதா எலியை ஊத்திட்டா. எனக்கு விருது வர்ற நேரத்துல என் முகத்துல கரி பூச. நாளைக்குக் காலையில ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுது. அவ பதிவை ரத்து பண்ணிடுவாங்க, அப்புறம் எந்த ஊர்லயும் எந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்காது. எப்படி மாத்தினான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சாப் போதும்."

"மாத்தினாளாங்கறதை?"

"அது எனக்குத் தெரியும்."

ஜோகாராவ் தலையாட்டினார். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுத் துப்பை அதற்கேற்ப வாங்க வருகிற கட்சிக்காரர்கள் அவருக்குப் புதிதில்லை. கோபம் வந்த காலமும் உண்டு. இப்போது வருவது கொட்டாவி.

"ஒரு சின்ன கேள்வி. ஊசி போடறதுக்கு முன்னாடி சின்னாரி ரத்தத்தைச் சோதிச்சீங்களா?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. முட்டாள்கள் நல்ல கேள்வி கேட்கும்போது பெரியவர்களுக்கு வரும் மலர்ச்சி. "அதுதான் முறை! முதல் ரத்தம்னு சொல்லுவோம். அதுல பட்டை விழக் கூடாது. விழலை. என் முதல் கட்டுரையிலேயே எழுதியிருக்கேன். உலகமே படிச்சிருக்கு." எழுந்து கோட்டைச் சரிசெய்தார். "எந்தக் கதவை வேணும்னாலும் திறந்து பாருங்க. எங்க சயன்டிஸ்ட் பணிசர்மா கூட வருவார். என் நிலையத்துல ஒளிவுமறைவே கிடையாது."

*

ஹைமவதி கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பெசரட்டுத் தோசை ஆறிக் காய்ந்துகொண்டிருந்தது. பல் டாக்டரிடம் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வந்தவள் போலக் கன்னத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"குழாயை மாத்தினியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஜோகாராவ் எதிரில் உட்கார்ந்தார்.

"இல்ல சார்."

"அழுதியா?"

"அழலாம்னு ஹாஸ்டல்ல கதவைச் சாத்திட்டு உக்காந்து பாத்தேன். வரல. அப்புறம் பசிச்சுது. இங்க வந்தா பசியும் போயிடுச்சு." தட்டை மஸ்தான் பக்கம் தள்ளினாள். "அண்ணா, நீங்க சாப்பிடுங்க. கை வைக்கல."

"துக்க வீட்டுல சாப்பிடக் கூடாதும்மா," என்று சொல்லிவிட்டு மஸ்தான் ஒரு துண்டைப் பிய்த்தான்.

"டைரக்டர் உன் தீசிஸுக்குக் கையெழுத்துப் போடாம இழுத்தடிச்சாரா? அந்தக் கோவமா?"

"போட்டுட்டார் சார். அச்சுக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதுக்குள்ள இந்த எலி வந்துடுச்சு."

"தீசிஸ் எதைப் பத்தி?"

"சின்னாரி ஆன்டிபாடியை வெச்சு டோபமைன் புரதம் மூளையில எங்கெங்க இருக்குன்னு. முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அதே ஆன்டிபாடிதான்."

ஜோகாராவ் அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "இல்லாத எலியிலயும் பட்டை விழுதுன்னா, அந்த ஆன்டிபாடி பொய். அப்போ உன் தீசிஸ்?"

"குப்பை," என்றாள். பஸ் போய்விட்டதா என்று கேட்டவருக்குப் பதில் சொல்லும் குரல்.

வெளியே வந்ததும் மஸ்தான் வாயைத் துடைத்துக்கொண்டான். "குருவுகாரு, பக்கத்து வீட்டுக்காரனைப் பழிவாங்க எவளாவது தன் வீட்டுக்குத் தீ வெப்பாளா?"

"அதுவும் உள்ள படுத்துக்கிட்டு," என்றார் ஜோகாராவ்.

*

ஆய்வகத்தில் குங்குமப் பொட்டு வைக்காத பொருள் பணிசர்மாவின் நெற்றி மட்டுமே. அங்கே அவர் விபூதி இட்டிருந்தார். மற்றபடி சுழல் இயந்திரம், நுண்ணோக்கி, தராசு, எல்லாவற்றுக்கும் போன தசராவின் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது.

"முதல் ரத்தம் எங்க இருக்கு?" என்றார் ஜோகாராவ்.

பணிசர்மா கண்களை மூடித் திறந்தார். "பூஜைப் பெட்டியில."

ஆள் உயர ஃப்ரீசரைத் திறந்தார். வெள்ளைப் புகை காலில் வழிந்தது. மேல் தட்டில், மற்ற எதுவும் தொடாத தூரத்தில், ஒரு சின்ன அட்டைப்பெட்டி. சுற்றிலும் மஞ்சள் கயிறு. கயிற்றின் மேலும், மூடிக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த இடுக்கிலும் மஞ்சளும் குங்குமமுமாக அடுக்கடுக்காகப் பூசி, உறைந்து, செங்கல் போல இறுகியிருந்தது.

"இதை எப்போலேர்ந்து கும்பிடறீங்க?"

"ஆரம்பத்துலேர்ந்தே சார்." பணிசர்மாவுக்குப் பேச்சு வந்தது. "முதல் ரத்தம் எடுத்ததே தசரா அன்னைக்குத்தான். நல்ல நாள்னு டைரக்டர்காரு அன்னைக்குப் பார்த்து எடுத்தார். சின்னாரியைப் பிடிச்சிட்டிருந்தது நான்தான். எடுத்த கையோட பெட்டியில அடுக்கி, கயிறு சுத்தி, பொட்டு வெச்சு உள்ளே வெச்சோம். அதுக்கப்புறம்தான் ஊசியே போட்டோம். ஒவ்வொரு தசராவுக்கும் அப்படியே மேலாப்புல கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் குங்குமம்."

"நடுவுல கயித்தை அவிழ்த்தது?"

"சாமிப் பெட்டியை யாராவது அவிழ்ப்பாங்களா சார்!"

பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் பெருமை இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி நின்றுவிட்டது.

மஸ்தான் அதற்காகவே காத்திருந்தவன் போலக் கேட்டான். "அப்போ முதல் ரத்தத்துல பட்டை விழலைன்னு கட்டுரையில எழுதியிருக்கே, அது? கயித்து மேலயே வெச்சு மோந்து பாத்தாங்களா?"

ஜோகாராவ் பெட்டியைக் கையில் எடுத்தார். விரல்கள் முதலில் எரிந்தன. பிறகு எரிவதும் தெரியவில்லை.

"திறங்க சர்மாகாரு."

"அபசாரம் சார். டைரக்டர்காரு..."

"எந்தக் கதவை வேணும்னாலும் திறக்கலாம்னு சொன்னது அவர்தான். பெட்டிக்கும் கதவு உண்டு."

குங்குமம் அப்பளம் போல உடைந்தது. உள்ளே வரிசையாகச் சின்னக் குழாய்கள். எல்லாம் ஒரே அளவுக்கு நிரம்பி இருந்தன. ஒன்றில்கூட ஒரு சொட்டு குறையவில்லை.

"சோதனையை நீங்களே பண்ணுங்க," என்றார் ஜோகாராவ்.

"நானா? ஹைமவதி நல்லா பண்ணுவா சார்."

"அவ பண்ணினா மாத்திட்டான்னு சொல்லுவார். மஸ்தான் பண்ணினா குடிச்சிடுவான். நீங்க டைரக்டரோட வலது கை. உங்களை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வெளிநாட்டு எலியே வேண்டாம். எலி மாறிச்சா மாறலையான்னு ஆராய்ஞ்சிட்டிருந்தா குழு கூடிக் கலைஞ்சுடும். உங்க ஃப்ரீசர்ல இருக்கிற சாதா எலி மூளை போதும். ரெண்டு தாள். ஒண்ணுக்கு ஊசிக்கு அப்புறம் எடுத்த ரத்தம். இன்னொண்ணுக்கு முதல் ரத்தம். எலியை விட்டுட்டு சாட்சியைக் கூண்டுல ஏத்துவோம். சம்பவத்துக்கு முன்னாடி அது என்ன பேசிட்டிருந்ததுன்னு கேப்போம்."

பணிசர்மா கையுறை மாட்டிக்கொண்டார். எலி மூளைச் சாறு ஜெல்லில் ஓடியது. புரதங்கள் எடைக்கேற்ப மேலும் கீழுமாகப் பிரிந்து, வெள்ளைத் தாள்களில் ஏறின. தாள்களைப் பால் பவுடர் கரைத்த தண்ணீரில் போட்டு ஆட்டினார்.

"பாலாபிஷேகமும் உண்டா?" என்றான் மஸ்தான்.

"ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டக் கூடாதுன்னு," என்றார் பணிசர்மா. "வெறும் இடத்தையெல்லாம் பால் அடைச்சுக்கும்."

"கல்யாணத்துல சொந்தக்காரங்களை முன்வரிசையில உக்கார வெப்போமே, அந்த மாதிரி."

பணிசர்மாவுக்கே சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் கடைசி.

சாயங்காலம், கருவியின் திரையில் இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. முதல் தாளில் ஒரு கறுப்புப் பட்டை. இரண்டாம் தாளில் ஒரு கறுப்புப் பட்டை. அதே உயரம், அதே கறுப்பு. எது எந்த ரத்தம் என்று பணிசர்மா குறித்து வைத்திருக்காவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

"ஊசி போடறதுக்கு முன்னாடியே," என்றார் ஜோகாராவ்.

"கொலை நடக்கறதுக்கு முந்தின நாளே 'நான் பாத்தேன்'னு சொன்ன சாட்சி," என்றான் மஸ்தான். ஆனால் குரலில் கிண்டல் சரியாக ஏறவில்லை.

பணிசர்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "சில முயலுக்குப் பிறவியிலேயே ரத்தத்துல ஏதாவது ஒரு ஆன்டிபாடி இருக்கும் சார். சின்னாரிக்கு இருந்திருக்கு. அது மூளையில வேற ஏதோ ஒரு புரதத்தைக் காட்டியிருக்கு. நாங்க தேடின அதே எடையில. ஊசி போட்டும் புதுசா எதுவும் உண்டாகல போல."

"என்ன புரதம்?"

"தெரியாது சார்." திரையையே பார்த்தார். "இத்தனை வருஷமா அதைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்."

*

டாக்டர் சோமயாஜுலு டெல்லிக்காகத் தைத்த கோட்டை மாட்டிக் கண்ணாடி முன் நின்றிருந்தார். ஜோகாராவ் இரண்டு தாள்களின் படத்தை மேஜைமேல் வைத்து, எது எந்த ரத்தம் என்று விரலால் தொட்டுக் காட்டினார். அவர் கையில் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது.

இயக்குநர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பட்டை விழலைன்னு எழுதியிருக்கீங்க. பெட்டியைத் திறக்கவே இல்லை."

"விழாதுன்னு தெரியும்," என்றார் இயக்குநர். அது வாக்குமூலம் என்று அவருக்குத் தோன்றவில்லை. "எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச விஷயத்துக்கு முதல் ரத்தத்தை எதுக்கு வீணாக்கணும்?"

இயக்குநர் கோட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் நாற்காலியில் மாட்டினார். மாட்டி முடிப்பதற்குள் மறுபடி இயக்குநராகிவிட்டார்.

"ஹைமவதி நிரபராதி," என்றார். "ஒத்துக்கறேன். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்?"

"இல்லை."

"குழு கூடாது. அவ பேர்ல ஒரு கறையும் இருக்காது. தீசிஸ் நாளைக்கே அச்சுக்குப் போகும், இந்த மாசமே டாக்டர் பட்டம். வெளிநாட்டுல நல்ல இடத்துக்கு நானே எழுதறேன். பெட்டிக்குத் திரும்பக் கயிறு கட்டிடலாம். எலி விஷயத்தை மட்டும் அவ மறந்துடணும்." குரலைத் தாழ்த்தினார். இப்போது உண்மையிலேயே அக்கறை போல ஒலித்தது. "ஜோகாராவ் காரு, இது வெளியே போனா எனக்கு விருதுதான் போகும். வயசாயிடுச்சு, போகட்டும். அவளுக்கு மொத்தமும் போகும். அவளையே கேளுங்க."

ஜோகாராவுக்கு அந்த மனிதரை முதல்முறையாக மதிக்கத் தோன்றியது. தப்பு செய்தவன் தன் தலையை மாணவியின் தலையோடு சேர்த்துப் பின்னி வைத்திருந்தான். ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் விழும். இதற்குத் துப்பறியும் சாஸ்திரத்தில் மருந்தில்லை.

*

ஹைமவதி ஆய்வகத்துக்கு வெளியே வராந்தாவில் இருந்தாள். ஜோகாராவ் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பெட்டி, கயிறு, இரண்டு தாள், கடைசியில் இயக்குநரின் பேரம்.

"பணிசர்மா சாரே பண்ணினாரா?"

"அவரே."

"ரெண்டு பட்டையும் ஒரே உயரமா?"

"ஒரே உயரம்."

"அப்போ நான் தப்புப் பண்ணல," என்றாள். அந்தச் சொல் உள்ளே போய் எதையாவது அசைக்கிறதா என்று காத்திருந்தாள். அசையவில்லை. கன்னத்தை ஒருதரம் தொட்டுக்கொண்டாள்.

மஸ்தான் அவள் பக்கத்தில் குந்தினான். "அம்மா, படிக்காதவன் சொல்றேன். முதல்ல பட்டத்தை வாங்கிக்கோ. அப்புறமா உண்மையைச் சொல்லு."

"அப்புறம்னா எப்போ அண்ணா? வேலை கிடைச்ச அப்புறமா? வேலை நிரந்தரம் ஆன அப்புறமா?" குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே விடை தெரிந்துகொள்ளக் கேட்டாள். "டைரக்டர்காரும் அப்படித்தான் ஆரம்பிச்சிருப்பார். அப்புறமா பண்ணிக்கலாம்னு."



"என்ன பண்ணப்போற?" என்றார் ஜோகாராவ்.

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். "லக்னோவில ஷிப்ரான்னு ஒரு பொண்ணு இருக்கா சார். ஆராய்ச்சிக்கு இப்பத்தான் சேர்ந்திருக்கா. நம்ம டைரக்டர்காரு அவங்க ஆய்வகத்துக்கும் சின்னாரி ஆன்டிபாடி ஒரு குப்பி அனுப்பியிருக்கார். எவ்வளவு விடணும், பால்ல எவ்வளவு நேரம் ஊற வெக்கணும், எல்லாம் தீதீ, தீதீன்னு, அக்காவைக் கேக்கற மாதிரி என்னைத்தான் கேப்பா. பட்டை சரியா விழ மாட்டேங்குதுன்னு அழுவா. நான்தான், விடாதே, இன்னொரு தடவை பண்ணிப் பாருன்னு சொல்லிட்டே இருந்தேன்."

எண்ணை அழுத்தினாள். மறுபுறம் முதல் மணியிலேயே எடுத்தார்கள். குரல் போனை மீறி வராந்தா முழுக்கக் கேட்டது.

"தீதீ! இப்பத்தான் உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்! விழுந்துடுச்சு தீதீ! பட்டை விழுந்துடுச்சு! ஒரே ஒரு பட்டை, அவ்வளவு சுத்தமா, அவ்வளவு கறுப்பா! எங்க சார் ஸ்வீட் வாங்கிட்டு வரச் சொல்லிட்டார்! எல்லாம் நீங்க கத்துக்கொடுத்தது தீதீ!"

ஹைமவதி போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள். மறுபடி ஒட்டவைத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அது அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. துடைக்கவில்லை.

"ஷிப்ரா, நீ நல்லாத்தான் பண்ணியிருக்க. பக்கத்துல நாற்காலி இருக்கா?"

"இருக்கு. ஏன் தீதீ?"

"உக்காரு. முதல்ல என் தீசிஸ் என்ன ஆச்சுன்னு சொல்றேன். அப்புறம் உன்னோடதைப் பேசுவோம்."